வெளிமணிக்கு அடையாள அட்டை இல்லை

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து தகவல் பாதுகாப்புப் படிவம் ஒன்று வரும். பக்கம் பக்கமாகக் கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு ஆம், இல்லை, பொருந்தாது என்று மூன்று கட்டங்கள்தான். அதில் ஒரு கேள்வி: உங்கள் நெட்வொர்க்கில் இணையும் எல்லாக் கருவிகளும் அடையாளம் சரிபார்க்கப்பட்ட பிறகே அனுமதிக்கப்படுகின்றனவா? போன ஆண்டு அதற்கு 'ஆம்' என்று டிக் அடித்தேன். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்த டிக், பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் போல உறுத்திக்கொண்டிருந்தது. ஓராண்டு ஆகியும் போகவில்லை. எழுதினால் போகுமா என்று பார்க்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கோவைக்கு வெளியே ஒரு வார்ப்பாலையில். மணல், கரி, தூசி. முன்புறம் அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மாடிக் கட்டடம். எல்லாம் சேர்த்து, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளிலேயே பேசும் ஐபி போன்கள் 180 சொச்சம். நெட்வொர்க் ஆள் நான் ஒருவன், உதவிக்கு ஒரு தம்பி. கம்ப்யூட்டர்களுக்கு 802.1எக்ஸ் என்ற காவல் முறை போட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. சுவரிலிருக்கும் துளையில் கேபிளைச் செருகினால் உடனே உள்ளே விடாமல், 'நீ யார்?' என்று ஸ்விட்ச், அதாவது எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி, கேட்கும். வரும் பதிலை, அடையாளம் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கொடுத்து, அது சரி என்றால்தான் வழி விடும். போன்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தோம். சோம்பல் இல்லை, பயம்தான். கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடம் நெட்வொர்க் இல்லாவிட்டால் ஆள் டீ குடிக்கப் போய்விடுவார். போன் ஒரு நிமிடம் பேசாவிட்டால் மேனேஜர் என் இருக்கைக்கே வந்துவிடுவார்.

அந்தப் பயத்தை உடைத்தது உதவித் தம்பிதான். ஒரு சனிக்கிழமை மதியம் மீட்டிங் அறையில் இருந்த போனைக் கழற்றிவிட்டு, அதே கேபிளில் தன் லேப்டாப்பைச் செருகினான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன நிரலை ஓட்டினான். நான் தேநீரை முடிப்பதற்குள் அவன் நெட்வொர்க்கில் போன்களுக்கென்று தனியாகப் பிரித்து ஒதுக்கிய வாய்ஸ் வீலேன் என்ற பகுதிக்குள் உட்கார்ந்திருந்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் ஸ்விட்சும் போனும் சிஸ்கோ. கருவிகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் சிடிபி என்ற நெறிமுறையில் 'நான் ஒரு போன்' என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், நான் போட்டு வைத்திருந்த பழைய அமைப்பில் ஸ்விட்ச் அதை வேறெதுவும் கேட்காமல் வாய்ஸ் வீலேனுக்குள் விட்டுவிடும். வசதிக்காக வைத்த வழி அது, நானும் வசதிக்காகத்தான் அப்படியே விட்டிருந்தேன். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்றும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டுக்காரன் என்றும் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆளை நினைத்துக்கொண்டேன். "என்னண்ணா, படம் புடிச்சு மேனேஜருக்கு அனுப்பட்டுங்களா?" என்றான். அனுப்பச் சொன்னேன். வேலை தொடங்கியது.

சான்றிதழும் ஸ்டோர்ஸ் மேசையும்

போனிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கலாம். ஆனால் 180 போன்களில் எண் பொத்தான்களைத் தட்டித் தட்டிக் கடவுச்சொல் உள்ளிடும் கொடுமையை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். சான்றிதழ்தான் வழி, போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை. இந்தப் போன்கள் உற்பத்தியாகும்போதே உள்ளே ஒரு சான்றிதழ் பதித்து வரும். அதையே நம்பினால் வேலை சுலபம். முதலில் அப்படித்தான் செய்ய இருந்தேன். அப்புறம் யோசித்தால், அந்தச் சான்றிதழ் சொல்வது 'நான் அசல் சிஸ்கோ போன்' என்பதை மட்டும்தான். 'நான் உங்கள் ஆலையின் போன்' என்று அது சொல்லவில்லை. பழைய சாமான் சந்தையில் அதே வகைப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு யார் வந்தாலும் அது உண்மையைச் சொல்லியே உள்ளே வந்துவிடும். ஆகவே எங்கள் போன் சர்வரே ஒவ்வொரு போனுக்கும் தனியாகக் கொடுக்கும் உள்ளூர்ச் சான்றிதழ் என்று முடிவாயிற்று.

இதில் முட்டையா கோழியா சிக்கல் ஒன்று உண்டு. சான்றிதழ் வாங்க போன் நெட்வொர்க்குக்குள் வர வேண்டும், நெட்வொர்க்குக்குள் வரச் சான்றிதழ் வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றுக்குக் கதவு திறந்திருந்தபோதே கொடுத்து முடித்தேன். புதிதாக வருபவற்றுக்கு ஸ்டோர்ஸ் அறையில் ஒரு மேசை. அங்கே இருக்கும் ஒரே ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, கேள்வி கேட்காது, ஆனால் போன் சர்வரைத் தவிர வேறெங்கும் போகவும் விடாது. புதுப் போன் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் மாடிக்குப் போகும். இந்தச் சான்றிதழ்களுக்கு 5 ஆண்டு ஆயுள். அது முடிகிற தேதியை என் காலண்டரில் மட்டும் குறித்து வைத்தால் போதாது என்று உதவித் தம்பியின் காலண்டரிலும் ஏற்றியிருக்கிறேன். நான் இருப்பேனோ இல்லையோ, போன் இருக்கும்.

மூன்று வாரம் கண்காணிப்பு நிலையில் ஓட்டினேன். ஸ்விட்ச் எல்லோரிடமும் அடையாளம் கேட்கும், ஆனால் பதில் தவறாக வந்தாலும் யாரையும் தடுக்காது, பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். பதிவேடு முழுக்கப் பச்சை. போன்கள் எல்லாம் சான்றிதழைக் காட்டின, சர்வர் எல்லாவற்றுக்கும் சரி சொன்னது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு துளைக்கு இரண்டு இலை

மேசைப் போனில் ஒரு விசேஷம் உண்டு. அதன் முதுகில் இரண்டு துளைகள். ஒன்று சுவருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. மேசைக்கு ஒரே கேபிள்தான் வருகிறது. அது முதலில் போனுக்குப் போய், போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஸ்விட்சின் கண்ணுக்கு அது ஒரே போர்ட். ஆனால் அங்கே இருப்பது இரண்டு பேர். இதற்கென்றே ஸ்விட்சில் ஓர் அமைப்பு இருக்கிறது. பந்தியில் ஒரு பாயில் இரண்டு இலை போடுவது போல, ஒரு போர்ட்டில் ஓர் இலை போனுக்கு, ஓர் இலை கம்ப்யூட்டருக்கு. எந்த இலையிலும் இரண்டாவது ஆள் உட்கார்ந்தால், அது அத்துமீறல். சும்மா விடாது. பாயையே சுருட்டிவிடும்.

கண்காணித்த மூன்று வாரமும் ஒரு பாயில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற தளர்ந்த அமைப்பில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, ஆட்கள் போன பிறகு, தரைத்தளத்தை மட்டும் இரண்டு இலை அமைப்புக்கு மாற்றினேன். தடுப்பது இன்னும் இல்லை. அது அடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டேன். போன்களைச் சோதித்தேன், எல்லாம் பேசின. என் லேப்டாப்பைச் சுவர்த் துளையில் செருகிப் பார்த்தேன், அதுவும் வேலை செய்தது. சுவர்த் துளையில்தான் செருகினேன், போனுக்குப் பின்னால் செருகிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கள் காலை 9 மணி வரை ஒன்றும் இல்லை. 9.10க்கு முதல் புகார். 9.30க்குள் தரைத்தளத்தில் பாதிப் பேருக்குப் போனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஸ்விட்ச் அறைக்குப் போய்ப் பார்த்தால் போர்ட் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தன. நான் சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். அங்கே எல்லாம் 'அனுமதிக்கப்பட்டது'. ஒரு மறுப்புகூட இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான் என்று ஸ்விட்ச் மீது சந்தேகப்பட்டேன். ஆனாலும் கை சான்றிதழ்களைத்தான் குடைந்தது. தேதி சரியா, நேரம் சரியா, வழங்கிய சர்வரின் சங்கிலி சரியா என்று ஒரு மணி நேரம். கடினமாக உழைத்துச் செய்த இடத்தில்தான் தவறு இருக்கும் என்று ஏனோ நாம் நம்பிவிடுகிறோம். அலட்சியமாகச் செய்த இடம் நினைவுக்கே வருவதில்லை.

10.30 வாக்கில் ரிசப்ஷன் அக்கா ஸ்விட்ச் அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் ஆலையில் என்னைவிடப் பத்து ஆண்டு சீனியர். "தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "எட்டரைக்கு வந்தேன், போன் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு கால் பேசினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன், ரெண்டும் செத்துப்போச்சு. என் பக்கத்து டேபிள் புள்ள இன்னைக்கு லீவு. அவ கம்ப்யூட்டரைப் போடல. அவ போன் இன்னும் வேலை செய்யுது, வேணும்னா வந்து பாருங்க."

எழுந்து போய்ப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. போன் தனியாக இருந்தால் வாழ்கிறது, கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டும் சாகின்றன. அப்படியானால் இரண்டும் ஒரே இலையில் உட்கார்கின்றன. சர்வர் ஒரு போனை அனுமதிக்கும்போது 'சரி' என்றால் மட்டும் போதாது, 'இது போன், இதைப் போன் இலையில் உட்கார வை' என்றும் ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரே ஒரு வரி. டிவைஸ்-டிராஃபிக்-கிளாஸ் என்ற பண்புக்கு வாய்ஸ் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரி இல்லாவிட்டால் வந்திருப்பது போன் என்று ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளாது, கம்ப்யூட்டர் இலையில் உட்கார வைக்கும். சான்றிதழ் விதியை எழுதியபோது அந்த வரியை விட்டிருந்தேன். மூன்று வாரம் பதிவேடு பச்சையாக இருந்ததும் இதனால்தான். தளர்ந்த அமைப்பில் யார் எந்த இலையில் உட்கார்ந்தாலும் ஸ்விட்ச் கேட்காது. சனிக்கிழமை மாலை சோதித்தபோதும் அப்படித்தான். அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்கள் தங்கள் இலையைக் கேட்டு வரவில்லை. திங்கள் காலை ஒவ்வொருவராக வந்து கம்ப்யூட்டரைப் போடப் போட, ஒவ்வொரு பாயாகச் சுருண்டது.

பூசாரி மீது தப்பில்லை. சாமியே பாதி வரம்தான் சொல்லியிருந்தது, சாமிக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

வரியைச் சேர்க்க அரை நிமிடம் ஆனது. சுருண்ட போர்ட்டுகள் தாமாகத் திறக்கும்படி நான் வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக மூடித் திறந்து முடிக்க 11.15 ஆயிற்று. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். "போன் யாருன்னு கேட்டேன் சார், எங்க உக்காரணும்னு சொல்ல மறந்துட்டேன்" என்றேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இதற்குப் பிறகு மற்ற மாடிகள் சுலபமாகப் போயின. ஒரு சிறு விஷயம் மட்டும் கூடுதலாகச் செய்ய வேண்டியிருந்தது. போனுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரைக் கழற்றினால் அது ஸ்விட்சுக்குத் தெரியாது, ஏனென்றால் போனுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் உள்ள இணைப்பு அறுபடவே இல்லை. போன்தான் 'அவர் போய்விட்டார்' என்று கம்ப்யூட்டர் சார்பில் சொல்ல வேண்டும். எங்கள் போன்கள் சொல்கின்றன. சொல்லாத போன்கள் இருக்கும் இடத்தில், எழுந்து போனவரின் இலை அவர் பெயரிலேயே கிடக்கும்.

கேட் கேபின்

இனி அந்த உறுத்தல். ஆலையின் முகப்பில், எடைமேடைக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி கேபின். அங்கே இருப்பது ஐபி போன் இல்லை. பழைய காலத்துச் சாதாரணப் போன். ஒரு சின்ன அடாப்டர் பெட்டி வழியாக நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குச் சான்றிதழ் என்றால் என்னவென்றே தெரியாது, 802.1எக்ஸ் அதன் அகராதியில் இல்லை. இப்படிப்பட்ட ஊமைகளுக்காக மேக் பைபாஸ் என்று ஒரு வழி உண்டு. ஸ்விட்ச் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால், மேக் முகவரி என்கிற, கருவிக்கென்றே உள்ள எண்ணையே பெயராகவும் கடவுச்சொல்லாகவும் வைத்து சர்வரிடம் கேட்கும். பட்டியலில் அந்த எண் இருந்தால் அனுமதி. அந்த எண் எங்கே இருக்கிறது? பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், பார்கோடோடு, பெரிய எழுத்தில். வீட்டுச் சாவியை வாசல்படியிலேயே ஆணியடித்து மாட்டி வைத்த மாதிரி.

யோசித்துப் பாருங்கள். மாடியில் மேனேஜர் அறைக்குள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் போன் சான்றிதழ் காட்டி உள்ளே வருகிறது. ஊருக்கே திறந்திருக்கும், மணல் லாரிக்காரர்கள் டோக்கனுக்குக் காத்து நிற்கும் கேபினில் இருக்கும் போன் வெறும் ஓர் எண்ணைச் சொல்லி உள்ளே வருகிறது. இதையும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். என் 'ஆம்' அதையும் சேர்த்த ஆம்.

செக்யூரிட்டி அண்ணன் இதில் வேறு வகையில் வந்து சேர்ந்தார். இந்த ஏற்பாடு முடிந்த முதல் வாரம் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறியது. கேபின் ஸ்விட்ச் எழுந்து எல்லாம் சரியானது. அடுத்த நாள் கேட்டைக் கடக்கும்போது கூப்பிட்டார். "சார், முன்னெல்லாம் அந்தப் பொட்டியில விளக்கு வந்த உடனே போன் வந்துரும். இப்ப விளக்கு வந்து ஒன்றரை நிமிஷம் கழிச்சுத்தானுங்க வருது." மணி பார்த்தீர்களா என்றேன். "சும்மாதானே உக்காந்திருக்கேன், பார்த்தேன்" என்றார். அவர் சொன்னது துல்லியம். ஸ்விட்ச் 30 நொடிக்கு ஒருமுறை என்று மூன்று தடவை 'நீ யார்' என்று கேட்டு, 90 நொடி காத்திருந்து, அப்புறம்தான் ஊமை என்று முடிவு கட்டி மேக் பைபாஸுக்குப் போகும். ஸ்விட்சைத் தயாரித்தவர்கள் வைத்து அனுப்புவதே அந்த அமைப்பைத்தான், நான் மாற்றவில்லை. தீ விபத்து நேர்ந்தால் முதலில் பேச வேண்டிய போன் இது என்று உறைத்தது. அன்று மதியமே அந்த ஒரு போர்ட்டில் மட்டும் கேள்வி கேட்காமல் நேரே மேக் பைபாஸுக்குப் போகும்படி மாற்றினேன். சர்வரே செத்துப்போனாலும் போன்களுக்கு மட்டும் வழிவிடும்படி ஸ்விட்சுகளில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் கேட் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அதாவது, பாதுகாப்பில் ஆகப் பலவீனமான இடத்தை இன்னும் கொஞ்சம் எளிதாக்கிவிட்டு வந்தேன். தவறு செய்ததாகத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது.

2024 ஜூலையில் ரேடியஸ் நெறிமுறையில் ஓர் ஓட்டை வெளியானபோது இந்தக் கேபின்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ரேடியஸ் 1991இல், டயல்-அப் மோடம் காலத்தில் பிறந்தது. அதன் பதில்களை எம்டி5 என்ற பழைய கணக்கை வைத்து நம்புகிறோம். ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்காரும் ஒருவர் 'மறுப்பு' என்ற பதிலை 'அனுமதி' என்று மாற்றிவிட முடியும் என்று காட்டினார்கள். சான்றிதழ் வழி உரையாடலில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கூடுதல் முத்திரை கட்டாயம் என்பதால் அது தப்பியது. முத்திரை இல்லாமல் போகிற எளிய கேள்வி பதில்கள்தான் மாட்டிக்கொண்டன. ஸ்விட்ச், சர்வர் இரண்டிலும் புதுப் பதிப்பை ஏற்றி, முத்திரை இல்லாத எதையும் ஏற்காதே என்று கட்டாயமாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கேட் போர்ட்டுக்குத் தனிச் சிறை ஒன்றும் கட்டினேன். அங்கே யார் எந்த எண்ணைச் சொல்லி நுழைந்தாலும் போன் சர்வரோடு மட்டும்தான் பேசலாம், வேறொன்றும் கண்ணுக்கே தெரியாது. ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்தேன். அந்த எண் கேபிளில் போய்க்கொண்டேதான் இருக்கும் என்று தெரிந்தும் கிழித்தேன்.

அப்புறம்தான் சரியான தீர்வுக்கு வந்தேன். பர்ச்சேஸில் சண்டை போட்டு ஒரு புது ஐபி போன் வாங்கி, ஸ்டோர்ஸ் மேசையில் வைத்துச் சான்றிதழ் ஏற்றி, நானே கேபினில் கொண்டுபோய் வைத்தேன். பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டார், தன் செல்போனிலிருந்து.

"சார், உங்க புதுப் போனு அழகாத்தானுங்க இருக்கு. ஆனா லாரி எஞ்சின் ஓடுறப்ப அது கத்துறது கேக்கிறதில்லீங்க. நேத்து ராத்திரி உள்ள இருந்து மூணு தடவை கூப்பிட்டாங்களாம், எனக்குத் தெரியவே இல்ல. அந்தப் பழைய மணி எங்கீங்க?"

பழைய போனோடு கேபினுக்கு வெளியே சுவரில் ஒரு மணி மாட்டியிருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்பு மணி, எடைமேடையின் அந்தக் கோடி வரை கேட்கும். அது சாதாரணப் போன் கம்பியில் வரும் மின்சாரத்தில் அடிப்பது. புதுப் போனில் அந்தக் கம்பி இல்லை. நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் ஒலிபெருக்கிகள் சந்தையில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்து பர்ச்சேஸ்காரர் சிரித்தார். அன்று மாலையே பழைய பெட்டியும் மணியும் திரும்பக் கேபினுக்குப் போயின. அழித்த எண்ணைப் பட்டியலில் மறுபடி எழுதினேன். இப்போது அந்தப் பட்டியலில் இருப்பது அது ஒன்றுதான். புதுப் போன் என் மேசை இழுப்பறையில், செல்லுபடியாகும் சான்றிதழோடு தூங்குகிறது.

இந்த ஆண்டுப் படிவம் போன வாரம் வந்தது. அதே கேள்வி. இம்முறை 'இல்லை' என்று டிக் அடித்தேன். உடனே கீழே ஒரு பெட்டி திறந்தது: குறை சரிசெய்யப்படும் தேதி. தேதி போடாமல் மேலே போக விடவில்லை. கேட்டுக்கு போன் போட்டேன். மணிச் சத்தம் ஜன்னல் வழியாக என் அறைக்கே கேட்டது. "சொல்லுங்க சார்" என்றார். "ஒண்ணுமில்லண்ணா, லைன் செக் பண்ணேன்" என்று வைத்துவிட்டேன். படிவம் இன்னும் வரைவாகத்தான் கிடக்கிறது.